சுங்கச் சுவர்களுக்கு எதிராக ஒரு வாழ்க்கை: பிரீட்ரிக் லிஸ்ட்

தென்மேற்கு ஜேர்மனியில் உள்ள ரொய்ட்லிங்கன் நகரின் ரயில் நிலையத்துக்கு அருகே, 1863 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட ஒரு சிலை உள்ளது. அதைக் கடந்து ரயிலேறும் பயணிகள் பவேரியாவுக்கோ, எல்லை தாண்டி பிரான்ஸுக்கோ எந்தச் சுங்கச் சாவடியிலும் நிற்காமல் போய்ச் சேருகிறார்கள். அந்தச் சிலைக்கு உரியவர் வாழ்ந்த காலத்தில் இது எட்டாத கனவாகவே இருந்தது.

அவர் பெயர் பிரீட்ரிக் லிஸ்ட். பொருளியல் அறிஞர், பத்திரிகையாளர், ரயில் பாதைகளுக்காக வாதாடியவர் எனப் பல முகங்கள் அவருக்கு உண்டு. ஆனால் அவரது வாழ்க்கை முழுவதும் ஒரே கேள்வியையே சுற்றி வந்தது. பெரிய நாடொன்று துண்டுகளாக உடையும்போது, அத்துண்டுகளுக்கு இடையே நடந்துவந்த வணிகத்துக்கு என்ன நேர்கிறது என்பதே அக்கேள்வி.

1947 இல் இந்திய உபகண்டமும், 1991 இல் சோவியத் ஒன்றியமும் யூகோஸ்லாவியாவும் இதே கேள்வியை எதிர்கொண்டன. ஜேர்மனி அதனை இரண்டு முறை எதிர்கொண்டது. முதல் முறை அக்கேள்வியை உரக்க எழுப்பியவர் லிஸ்ட். அதற்காக அவர் கொடுத்த விலையும் சிறியதல்ல.

பேரரசு மறைந்த நாள்

ரொய்ட்லிங்கனில் தோல் பதனிடும் தொழில் செய்த ஒருவரின் மகனான லிஸ்ட்டுக்கு, 1789 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் தேதி ஞானஸ்நானம் வழங்கப்பட்டது. அப்போது ரொய்ட்லிங்கன் எந்த மன்னருக்கும் கீழ்ப்படாத சுதந்திர நகரம். புனித ரோமானியப் பேரரசின் பேரரசருக்கு மட்டுமே அது கட்டுப்பட்டது. அந்தப் பேரரசின் கீழ் முந்நூறுக்கும் மேற்பட்ட சிற்றரசுகளும் ஆயர் ஆட்சிகளும் நகரங்களும் இருந்தன.

நெப்போலியனின் போர்கள் இந்த அமைப்பைக் குலைத்தன. 1803 ஆம் ஆண்டளவில் ரொய்ட்லிங்கன் தன் சுதந்திரத்தை இழந்து வூர்ட்டம்பேர்க் அரசுடன் இணைக்கப்பட்டது. 1806 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் தேதி, லிஸ்ட் ஞானஸ்நானம் பெற்று சரியாக 17 ஆண்டுகள் கழித்து, பேரரசர் இரண்டாம் பிரான்சிஸ் முடி துறந்தார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் நீடித்த பேரரசு அன்றோடு முடிவுக்கு வந்தது.

பேரரசு இருந்த காலத்தில் வணிகம் தடையின்றி நடந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ரைன் நதியில் மட்டும் பல பத்துச் சாவடிகளில் படகுகள் நிறுத்தப்பட்டு வரி வசூலிக்கப்பட்டது. பாலங்களிலும் நகர வாயில்களிலும் இதே நிலைதான். எனினும் அவை வழியில் செலுத்தும் கட்டணங்களாக இருந்தனவே அன்றி, ஒரு நாட்டுக்கும் மற்றொரு நாட்டுக்கும் இடையிலான சுவராக இருக்கவில்லை.

பேரரசு உடைந்த பின்னர், எஞ்சிய அரசுகள் முழு இறைமை கொண்ட நாடுகளாயின. பவேரியா, வூர்ட்டம்பேர்க், பாடன் ஆகியவை தத்தம் எல்லைக்குள் இருந்த பழைய சாவடிகளை அகற்றி, எல்லைக் கோட்டில் ஒரே சீரான சுங்கத்தை நிறுவின. பிரஷ்யா 1818 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இதையே செய்தது.

நாட்டுக்குள்ளேயே விற்பவருக்கு இது நிம்மதி. வாடிக்கையாளர் அடுத்த அரசில் இருந்தாலோ, வணிகர் முன்னே ஒரு சுவர் எழுந்து நின்றது. 1815 இல் வியன்னா மாநாடு உருவாக்கிய ஜேர்மன் கூட்டமைப்பு அரசுகளின் அரசியல் கூட்டாக மட்டுமே இருந்தது. அதற்குப் பொதுவான சுங்கமோ நாணயமோ இருக்கவில்லை.

வணிகம் திசை மாறியது

உடைவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் நடந்தவற்றை மூன்று மாற்றங்களாகப் பார்க்கலாம்.

முதலாவது, வெளியில் இருந்த வலுவான நாட்டின் கை ஓங்கியது. 1806 முதல் நெப்போலியன் விதித்த கண்டத் தடையால் பிரிட்டிஷ் பொருட்கள் ஐரோப்பியச் சந்தைக்கு வருவது கடினமாயிருந்தது. அந்த இடைவெளியில் சாக்சனியின் பருத்தி நூற்பாலைகள் வளர்ந்தன. நெப்போலியன் வீழ்ந்ததும் தடை நீங்கியது. இயந்திரத்தில் நெய்யப்பட்ட மலிவான பிரிட்டிஷ் துணிகள் லைப்சிக், பிராங்பேர்ட் சந்தைகளில் குவிந்தன. சாக்சனியின் நெசவாளரோ பக்கத்து பிரஷ்யாவுக்குள் தன் துணியை அனுப்பவும் தீர்வை செலுத்த வேண்டியிருந்தது. சிற்றரசுகளின் சுங்கம் பிரிட்டனைத் தடுக்கும் அளவுக்கு வலுவாக இல்லை. ஆனால் அண்டை அயலாரை முடக்க அது போதுமானதாக இருந்தது.

இரண்டாவது, கடத்தல் ஒரு தொழிலாயிற்று. பிரஷ்ய நிலப்பரப்பால் சூழப்பட்ட அன்ஹால்ட் கோத்தன் என்ற சிற்றரசு இதற்குப் பெயர் போனது. எல்பே நதி வழியாகத் தீர்வையின்றி அங்கு வந்து சேர்ந்த பொருட்கள் இரவோடு இரவாக பிரஷ்யக் கிராமங்களுக்குள் சென்றன. 1828 இல் அச்சிற்றரசு பிரஷ்யச் சுங்க அமைப்பில் சேரும் வரை இந்தத் தகராறு நீடித்தது.

மூன்றாவது மாற்றம் மனிதர்கள் தொடர்பானது. 1816 ஆம் ஆண்டு கோடை வராமலே போனது. பயிர் பொய்த்து, வூர்ட்டம்பேர்க் மக்கள் பசியால் வாடினர். அடுத்த ஆண்டு ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டுப் புறப்பட்டனர். அரசுப் பணியில் எழுத்தராகச் சேர்ந்து உயர்ந்திருந்த 27 வயது லிஸ்ட், ஹைல்புரோனுக்கு அனுப்பப்பட்டு, அமெரிக்காவுக்குப் புறப்பட்ட குடும்பங்களிடம் வெளியேறுவதற்கான காரணத்தைக் கேட்டுப் பதிவு செய்தார்.

பசி, பெருகிவரும் வரி, அதிகாரிகளின் கெடுபிடி என மக்கள் தங்கள் குறைகளைக் கொட்டினர். பிழைக்க வழியற்றுப் போன ஒரு நாட்டிலிருந்து மனிதர்களே வெளியேறுவதை லிஸ்ட் நேரில் கண்டார். பிற்காலத்தில் அவர் எழுதியவற்றுக்கெல்லாம் இந்த அனுபவமே அடித்தளம் எனலாம்.

பிராங்பேர்ட் மனு

1817 இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் அரச நிர்வாகத் துறைப் பேராசிரியராக லிஸ்ட் நியமிக்கப்பட்டார். பட்டம் பெறாத ஒருவருக்குக் கிடைத்த இந்தப் பதவி அங்கிருந்த பலருக்கு உவப்பாக இருக்கவில்லை.

1819 வசந்த காலத்தில் அவர் பிராங்பேர்ட் சந்தைக்குச் சென்றார. அங்கு கூடியிருந்த வணிகர்களும் உற்பத்தியாளர்களும் அவரது துணையுடன் ஒரு சங்கத்தை அமைத்தனர். கூட்டமைப்பின் பேரவைக்கு அவர்கள் சார்பில் மனுவை வரைந்தவரும் லிஸ்ட்தான். ஜேர்மன் நிலத்தில் 38 சுங்க எல்லைகள் உள்ளன, பேர்லினிலிருந்து சுவிட்சர்லாந்துக்குப் பொருள் அனுப்புபவர் பத்து அரசுகளின் விதிகளைக் கற்று பத்து முறை வரி செலுத்த வேண்டியுள்ளது என்று அம்மனு சுட்டிக்காட்டியது. உள் எல்லைச் சுங்கங்களை அகற்றி, வெளி எல்லையில் ஒரே சுங்கத்தை நிறுவ வேண்டும் என்பதே அதன் கோரிக்கை.

பேரவை அதனை ஏற்கவில்லை. வூர்ட்டம்பேர்க் அரசு, தன் அதிகாரி ஒருவர் அனுமதியின்றி வெளிநாட்டில் அரசியல் செய்வதாகக் கருதியது. ஒரு ஜேர்மன் நகரமே இன்னொரு ஜேர்மனியருக்கு வெளிநாடாகிவிட்டது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. அதே ஆண்டில் லிஸ்ட் பேராசிரியர் பதவியை இழந்தார்.

சிறையும் நாடுகடத்தலும்

1820 இல் ரொய்ட்லிங்கன் மக்கள் அவரை வூர்ட்டம்பேர்க் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தனர். அதிகாரிகளின் ஊழலையும் நீதிமன்ற நடைமுறையையும் கண்டித்து அவர் வரைந்த ஒரு மனு அரசைச் சீற்றமடைய வைத்தது. 1821 இல் அவர் சட்டமன்றத்திலிருந்து நீக்கப்பட்டார். மறு ஆண்டு பத்து மாதக் கோட்டைச் சிறை விதிக்கப்பட்டது.

லிஸ்ட் தப்பி ஸ்திராஸ்பூர்க் சென்றார். பின்னர் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்தார். மன்னிப்புக் கிடைக்கும் என நம்பி 1824 இல் திரும்பியபோது கைது செய்யப்பட்டு, ஹோகனஸ்பேர்க் கோட்டையில் அடைக்கப்பட்டார். நாட்டை விட்டு வெளியேறுவதாக உடன்பட்ட பின்னரே 1825 ஜனவரியில் விடுவிக்கப்பட்டார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் புலம்பெயர்வோரிடம் காரணம் கேட்டு எழுதியவர், மனைவி மக்களுடன் தானே அந்த வரிசையில் நின்றார்.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ரெடிங் நகரில் ஜேர்மன் மொழிப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியரானார். அந்த மாநிலத்தின் மலைப்பகுதியில் நிலக்கரி இருப்பதை அறிந்து, அதைக் கால்வாய்த் துறைக்குக் கொண்டுசேர்க்க ரயில் பாதை அமைக்கும் நிறுவனத்தில் பங்கேற்றார். தமாக்குவாவையும் போர்ட் கிளின்டனையும் இணைத்த அந்தப் பாதை 1831 இல் இயங்கத் தொடங்கியது.

அமெரிக்கா அவருக்கு வேறொன்றையும் கற்பித்தது. அங்கு மாநிலங்கள் பல இருந்தும் அவற்றிடையே சுங்கம் இல்லை. வெளி எல்லையில் மட்டும் தீர்வை உண்டு. அதன் நிழலில் புதிய தொழில்கள் வளர்ந்துகொண்டிருந்தன. பிராங்பேர்ட்டில் தான் எழுதிய மனு, கடலுக்கு அப்பால் ஏற்கனவே நடைமுறையில் இருப்பதை அவர் கண்டார். 1830 இல் அமெரிக்கக் குடிமகனாகி, அந்நாட்டின் தூதரகப் பணியிலேயே ஜேர்மனி திரும்பினார். 1834 இல் லைப்சிக் நகரின் அமெரிக்கக் கொன்சலானார்.

அவர் இல்லாமலே பிறந்த ஒன்றியம்

இதனிடையே லிஸ்ட் கோரிய சுங்க ஒன்றியம் வேறு கைகளால் கட்டப்பட்டுக் கொண்டிருந்தது. 1815 க்குப் பின்னர் பிரஷ்யா இரு துண்டுகளாகக் கிடந்தது. கிழக்கே பேர்லினும் மேற்கே ரைன்லாந்தும் பிற அரசுகளின் நிலத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. இடையில் கிடந்தவர்களைச் சுங்க உடன்படிக்கைகளால் இணைப்பது பிரஷ்யாவின் தேவையாயிற்று.

நிதியமைச்சர் பிரீட்ரிக் பொன் மொட்ஸ் உள்ளிட்ட பிரஷ்ய அதிகாரிகள் ஒவ்வொரு அரசாகப் பேசினர். வெளி எல்லையில் வசூலாகும் தீர்வையை மக்கள்தொகைக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்வது என்ற ஏற்பாடு சிற்றரசுகளைக் கவர்ந்தது. சாவடிகளை நிர்வகிக்கும் செலவு குறைந்து, கருவூல வருமானம் உயர்ந்தது. நாட்டுப்பற்று பற்றிய பேச்சுகளை விட இந்தக் கணக்கே மன்னர்களை இணங்க வைத்தது.

1834 ஜனவரி 1 ஆம் தேதி, ஜேர்மன் மொழியில் சொல்ஃபெரைன் எனப்படும் சுங்க ஒன்றியம் நடைமுறைக்கு வந்தது. 18 அரசுகளும் 2 கோடி 30 இலட்சம் மக்களும் அதில் அடங்கினர். அந்தப் புத்தாண்டு நள்ளிரவில் எல்லைகளில் காத்திருந்த பார வண்டிகள், தடைக் கம்பங்கள் உயர்த்தப்பட்டதும் அணிவகுத்துச் சென்றதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

மனு எழுதியவருக்கு அதில் எந்தப் பதவியும் கிடைக்கவில்லை. ஒஸ்திரியாவுக்கும் இடம் கிடைக்கவில்லை. 1871 இல் ஒஸ்திரியாவை விலக்கி பிரஷ்யத் தலைமையில் எழுந்த ஜேர்மன் பேரரசின் எல்லைக்கோடு, சுங்க வரைபடத்தில் முன்னரே பெருமளவு தென்பட்டுவிட்டது. கடல் வாணிகத்தை நம்பியிருந்த ஹம்பேர்க், பிரேமன் நகரங்களோ 1888 இல்தான் சுங்க எல்லைக்குள் வந்தன.

ரயிலும் நூலும்

சுங்கத்தை நீக்கினால் மட்டும் போதாது, துண்டுகளைத் தைக்க நூலும் வேண்டும் என்பதை லிஸ்ட் உணர்ந்திருந்தார். 1833 இல் அவர் வெளியிட்ட சிறு நூல், பேர்லினை மையமாக்கி ஹம்பேர்க் முதல் பாசல் வரை ஜேர்மன் நிலம் முழுவதற்கும் ஒரு ரயில் வலையமைப்பை வரைந்து காட்டியது. அப்போது ஜேர்மனியில் நீராவி ரயில் ஒன்றுகூட ஓடவில்லை. அவர் முன்னின்று வாதாடிய லைப்சிக் - ட்ரெஸ்டன் பாதை 1839 இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதன் நிர்வாகத்தில் அவருக்கு நிரந்தர இடம் தரப்படவில்லை.

மனமுடைந்து பாரிஸ் சென்ற லிஸ்ட், 1841 இல் தன் முக்கிய நூலான அரசியல் பொருளாதாரத்தின் தேசிய அமைப்பு என்ற ஆய்வை வெளியிட்டார். தொழில் வளர்ந்த நாடும் வளராத நாடும் சமமாகப் போட்டியிட முடியாது, இளம் தொழில்கள் காலூன்றும் வரை வரம்புக்குட்பட்ட பாதுகாப்பு தேவை என்பது அதன் சாரம். இந்தியப் பருத்தி, பட்டுத் துணிகளை பிரிட்டன் முன்னர் தடை செய்தே தன் நெசவுத் தொழிலை வளர்த்தது என்பதை அவர் எடுத்துக்காட்டாகச் சுட்டினார்.

ஆனால் அதே லிஸ்ட், வெப்பமண்டல நாடுகள் விளைபொருள் விற்பதோடு நின்றுகொள்ள வேண்டும் என்றும் கருதினார். தன் நாட்டுக்குக் கேட்ட உரிமையை அவர் நம் நாடுகளுக்குத் தரவில்லை. 1892 இல் புனே நகரில் உரையாற்றிய மகாதேவ கோவிந்த ரானடே போன்ற இந்தியர்கள், லிஸ்ட்டின் வாதத்தை எடுத்துக்கொண்டு அவர் வகுத்த இந்த வரம்பை நிராகரித்தனர்.

கடைசி ஆண்டுகள்

1843 இல் சுங்க ஒன்றியத்துக்கெனத் தனி இதழொன்றைத் தொடங்கி, பிரிட்டிஷ் நூலுக்கும் இரும்புக்கும் கூடுதல் தீர்வை விதிக்குமாறு லிஸ்ட் தொடர்ந்து எழுதினார். 1844 இல் கச்சா இரும்புக்குத் தீர்வை விதிக்கப்பட்டது. மற்றபடி அரசுகள் அவரை நெருங்க விடவில்லை. ஒரே மகன் ஒஸ்கார் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து அல்ஜீரியாவில் இறந்திருந்தான். நிலையான வருமானம் இல்லை. உடல்நலமும் குன்றியது.

1846 இல் பிரிட்டனுடன் ஓர் உடன்பாட்டுக்கு வழிதேடி லண்டன் சென்ற அவர், வெறுங்கையுடன் திரும்பினார். அவ்வாண்டு நவம்பர் 30 ஆம் தேதி, ஒஸ்திரிய எல்லை நகரான குஃப்ஸ்டைனில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 57.

மீண்டும் உடைந்த நாடு

லிஸ்ட் இறந்து ஒரு நூற்றாண்டு கழிந்து ஜேர்மனி மறுபடியும் உடைந்தது. 1949 இல் இரு அரசுகள் தோன்றின. ரூர் பிரதேசத்து நிலக்கரியும் எஃகும் சாக்சனியின் இயந்திரத் தொழிலுக்கு முன்போல் கிடைக்கவில்லை. கிழக்கு ஜேர்மனி போலந்து எல்லையருகே ஒரு புதிய எஃகு ஆலையையும், பின்னர் ஐசன்ஹூட்டன்ஸ்டாட் எனப் பெயர் பெற்ற ஒரு நகரையும் 1950 முதல் எழுப்பியது. அதன் வணிகம் கிழக்கு நோக்கித் திரும்பியது. புத்தக வணிகத்தின் தலைநகராக இருந்த லைப்சிக்கின் இடத்தை பிராங்பேர்ட் பிடித்தது.

எனினும் ஒரு வாசல் திறந்திருந்தது. 1951 இல் பேர்லினில் கையெழுத்தான உடன்படிக்கை இரு பகுதிகளின் வணிகத்துக்கு விதிகள் வகுத்தது. மேற்கு ஜேர்மனி அதை உள்நாட்டு வணிகமாகவே கருதி, கிழக்கின் பொருட்களுக்குச் சுங்கம் விதிக்கவில்லை. 1957 ஆம் ஆண்டின் ரோம் ஒப்பந்தத்திலும் இதற்கென ஒரு நெறிமுறை சேர்க்கப்பட்டது.

தெற்காசியாவில் இத்தகைய வாசல் நீண்டகாலம் திறந்திருக்கவில்லை. 1947 பிரிவினையில் சணல் வயல்களின் பெரும்பகுதி கிழக்கு வங்கத்தில் அமைய, ஆலைகள் கல்கத்தாவை ஒட்டி இந்தியாவில் நின்றன. 1949 இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைக்க, பாகிஸ்தான் மறுக்க, இரு நாட்டு வணிகம் நிலைகுலைந்தது. இந்தியா தன் பக்கத்தில் சணல் பயிரிடுவதைப் பெருக்கியது. பாகிஸ்தான் நாராயண்கஞ்சில் ஆதம்ஜி ஆலையைக் கட்டியது. அந்த ஆலை 2002 இல் வங்கதேசத்தில் மூடப்பட்டது. உடைந்த ஒவ்வொரு துண்டும், மற்றதிடம் இருந்ததைத் தானும் கட்டிக்கொள்ள முயன்றது.

பகையின்றிப் பிரிந்தாலும் விளைவு முற்றாகத் தவிர்வதில்லை. 1993 இல் செக் குடியரசும் சுலோவாக்கியாவும் சுங்க ஒன்றியம் ஒன்றுடனேயே பிரிந்தன. இருந்தும் ஒன்றுடன் ஒன்று செய்த வணிகத்தின் பங்கு குறைந்து, மேற்கு ஐரோப்பாவுடனான பங்கு வளர்ந்தது.

திரும்ப இணைவதற்கும் விலை உண்டு. 1990 ஜூலை 1 ஆம் தேதி மேற்கு ஜேர்மன் நாணயம் கிழக்கிலும் நடைமுறைக்கு வந்ததும், பிரிவின் காலத்தில் கட்டப்பட்ட ஆலைகள் போட்டியைத் தாங்க முடியாமல் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. இலட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர். 1817 இல் ஹைல்புரோனில் லிஸ்ட் கண்டதைப் போலவே, இளைஞர்கள் ஊரை விட்டு மேற்கு நோக்கிப் புறப்பட்டனர்.

எல்லையை ஒரு நாளில் வரைந்துவிடலாம். அதன் இருபுறமும் வணிகம் புதிய வழியைக் கண்டுபிடித்துப் பழகுவதற்கு ஒரு தலைமுறை ஆகிறது. அந்த எல்லையை அழிக்கும் நாளில், புதிய வழியை நம்பி வாழ்ந்தவர்களின் பிழைப்பும் சேர்ந்தே அழியக்கூடும். பிரிவைப் பற்றியும் இணைவைப் பற்றியும் பேசுவோர், கொடிக்கும் எல்லைக் கம்பத்துக்கும் அப்பால் அந்த மனிதர்களையும் கணக்கில் எடுக்க வேண்டியுள்ளது.

லிஸ்ட் உயிரோடிருந்தபோது அவரை நாடுகடத்தியது வூர்ட்டம்பேர்க். அவர் இறந்து 17 ஆண்டுகளில் அதே அரசின் நிலத்தில் அவருக்குச் சிலை எழுந்தது. பின்னர் இரு ஜேர்மனிகளும் அவரைத் தமக்குரியவராகக் கொண்டாடின. கிழக்கில் ட்ரெஸ்டன் நகரின் போக்குவரத்து உயர்கல்விக் கூடம் அவர் பெயரைத் தாங்கி நின்றது. உடைந்த நாட்டின் இரு பக்கங்களிலும் ஒருசேர மதிக்கப்பட்ட சிலருள், உடைவை எதிர்த்தே வாழ்ந்து முடித்த அவரும் ஒருவர்.